சகலையோடு ஆடிய ஏழு மாதம்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு நாற்பத்தெட்டு வயது. இருபத்தாறு வருடமாக ஒரே வேலை. நகரத்தின் வடக்குப் பக்கத்தில் நாற்பத்தொரு கட்டடங்களின் லிஃப்ட்டுகள் அவர் பொறுப்பில் இருந்தன. எந்தக் கட்டடத்தில் எந்த மாடியில் கதவு மூடும்போது முனகும், எந்தப் பெட்டி மழை பெய்தால் மட்டும் தகராறு செய்யும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஆள் சாது. யாராவது இரண்டு மாடிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு அலறினால், அவர் மேலிருந்து குனிந்து, "ஒண்ணும் ஆகாது. கதவை விட்டுத் தள்ளி நில்லுங்க. அஞ்சே நிமிஷம்" என்பார். அந்தக் குரலைக் கேட்டதுமே உள்ளே இருப்பவர்களுக்குப் பாதி பயம் போய்விடும்.

அப்படிப்பட்டவர் ஏழு மாதம் ஒரே ஒரு ஆளைக் கவிழ்ப்பதைத் தவிர வேறெதையும் நினைக்காமல் அலைந்தார். அந்த ஆள் அவருடைய சகலை.

சகலை என்பவர் மனைவியின் அக்கா கணவர். ஒரு பெரிய கம்பெனியில் வேலைக்கு ஆள் எடுக்கும் அதிகாரி. எதிரில் உட்கார்ந்திருப்பவனை இரண்டு நிமிடத்தில் எடை போட்டுவிடுவேன் என்று சொல்லிக்கொள்வார். மெக்கானிக்கை அவர் எடை போட்டது கல்யாணத்தன்றே. வந்தவர்களிடம் புது மாப்பிள்ளையை அறிமுகப்படுத்தும்போது, "இவர் லிஃப்ட்ல இருக்காரு" என்றார். பாதிப் பேர் அவரை லிஃப்ட்டுக்குள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பொத்தான் அமுக்குகிறவர் என்று நினைத்துக்கொண்டார்கள். இருபது வருடம் கழித்தும் சிலர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். சகலை யாரையும் திருத்தவில்லை.

மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டில் எல்லோரும் கூடுவார்கள். ஒரு ஞாயிறு சகலை செஸ் போர்டை எடுத்து மேசையில் விரித்தார். கல்லூரிக் காலத்தில் கோப்பை வாங்கியவர் அவர். மெக்கானிக்குக்குக் காய்கள் எப்படிப் போகும் என்பது மட்டும் தெரியும். பதினாலாவது நகர்த்தலில் ஆட்டம் முடிந்தது. சகலை போர்டைப் படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டார். அதோடு விட்டிருக்கலாம்.

"சகலை மேல தப்பில்ல. அவருக்கு மேல போறதும் கீழ வர்றதும்தான் தெரியும். குறுக்க போகச் சொன்னா என்ன பண்ணுவாரு?" என்றார் எல்லோரையும் பார்த்து.

மாமனார் சிரித்தார். பிள்ளைகள் உருண்டு உருண்டு சிரித்தார்கள். அடுக்களை வாசலில் நின்ற மெக்கானிக்கின் மனைவிக்கும் உதட்டோரம் சிரிப்பு வந்துவிட்டது. அன்றிலிருந்து அக்கா பிள்ளைகளுக்கு அவர் 'மேலகீழ சித்தப்பா' ஆகிப்போனார். அவர் அதை முகம் மாறாமல் வாங்கிக்கொண்டார். வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் மட்டும் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தார்.

"சும்மா விளையாட்டுக்குத்தானே சொன்னாரு. விடுங்க" என்றாள் மனைவி.

"நான் ஒண்ணும் சொல்லலையே."

மறுநாள் வேலை நடுவே, பன்னிரண்டு மாடிக் கட்டடத்தின் மொட்டைமாடி மெஷின் ரூமில் ஒரு கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து, போனில் செஸ் ஆடும் ஆப்பை இறக்கினார். மூன்று மாதம் அதிலேயே பயிற்சிக் கணக்குகள் போட்டார். மதியச் சாப்பாட்டு நேரம், உதிரிபாகம் வரக் காத்திருக்கும் நேரம், காவலாளி சாவியைத் தேடும் நேரம், எல்லாம் அதற்கே போனது. கொஞ்சம் பிடிபட்டதும் அந்த ஆப்பிலேயே சகலையைத் தேடிக் கண்டுபிடித்து ஆட்டத்துக்கு அழைத்தார். மெதுவான ஆட்டம். ஒரு நகர்த்தலுக்கு மூன்று நாள் வரை யோசிக்கலாம்.

சகலை மாமனார் வீட்டு சோபாவில் சாய்ந்தபடி எல்லோர் முன்னாலும் அந்த அழைப்பை ஏற்றார். "மூணு நாளா? நமக்கு மூணு செகண்டு போதும். நீங்க நிதானமா யோசிங்க சகலை."

வெள்ளைக் காய் சகலைக்கு. கருப்பு இவருக்கு.

முதல் எட்டு நகர்த்தல் ஒழுங்காகத்தான் போனது. ஒன்பதாவதில் மெக்கானிக் இரண்டு நாள் உட்கார்ந்து ஒரு திட்டம் போட்டார். முதலில் சிப்பாயைத் தள்ளவேண்டும், அவர் பதிலுக்கு பிஷப்பை விலக்குவார், அதற்கப்புறம் குதிரையைக் குதிக்கவிட வேண்டும். மூன்றாம் நாள் காலை ஒரு மருத்துவமனை லிஃப்ட் நின்றுபோய் அவசரமாகக் கூப்பிட்டார்கள். வேலை முடித்து மூச்சு வாங்க நின்றபோது போனை எடுத்தார். மனதில் ஓடியது குதிரை. அதையே நகர்த்திவிட்டார். முன்னால் வைக்கவேண்டிய சிப்பாய் இருந்த இடத்திலேயே இருந்தது. குதிரை போய் நின்ற கட்டத்தை சகலையின் பிஷப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. குதிரை போயிற்று. ஆப்பில் சகலையின் செய்தி வந்தது: "நன்றி சகலை."

குதிரை போனதைவிட அந்த நன்றிதான் அவரைக் குடைந்தது. மருத்துவமனையின் பின்பக்கப் படிக்கட்டில் உட்கார்ந்து அதை நாலைந்து தரம் படித்தார். என்றைக்காவது ஒருநாள் இதே இரண்டு சொல்லை இவருக்குத் திருப்பி அனுப்பவேண்டும் என்று முடிவு செய்துகொண்டார்.

அடுத்த தவறு இருபத்திரண்டாவது நகர்த்தலில். அதைத் தவறு என்பதா, விபத்து என்பதா என்று அவருக்கே கடைசிவரை தெரியவில்லை. லிஃப்ட் பள்ளத்துக்குள் இறங்கி அடியில் இருக்கும் ஸ்பிரிங்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். கையெல்லாம் கிரீஸ். முந்தின நாளே யோசித்து முடித்த நகர்த்தல்தான், ராணியை மூன்று கட்டம் பின்னால் இழுக்கவேண்டும், அவ்வளவுதான். கட்டைவிரல் வழுக்கியது. ராணி இரண்டு கட்டத்திலேயே நின்றுவிட்டது. நகர்த்தலை உறுதி செய்யவா என்று ஆப் கேட்கும் வசதி ஒன்று உண்டு. அது தொல்லை என்று அவரேதான் அதை அணைத்து வைத்திருந்தார். ராணி நின்ற இடம் சகலையின் யானைக்கு நேர் எதிரே.

அவர் பள்ளத்துக்குள் நின்றபடியே திரையைப் பார்த்தார். அழுத்தினால் தோல்வியை ஒப்புக்கொள்ளும் ஒரு சின்னக் கொடிப் பொத்தான் ஓரத்தில் இருந்தது. அதன்மேல் விரலைக்கூடக் கொண்டுபோனார். அதற்குள் ராணி வெட்டப்பட்டு, செய்தியும் வந்துவிட்டது: "போதும் சகலை. கொடுத்துடுங்க. ரெண்டு பேருக்கும் நேரம் மிச்சம்." விரலை எடுத்துக்கொண்டார். இனி செத்தாலும் அந்தப் பொத்தானை அழுத்துவதில்லை.

அன்று சாயங்காலம் அக்கா போன் செய்தாள். மனைவி அடுப்படியில் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கூடத்தில் உட்கார்ந்திருந்த மெக்கானிக்குக்கு எல்லாம் கேட்டது.

"என்னடி, உன் வீட்டுக்காரர் ராணியையே தூக்கிக் கொடுத்துட்டாராமே? இவர் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாரு. பார்த்துக்கோ, ஒருநாள் உன்னையும் எங்கயாவது மறந்து விட்டுட்டு வந்துடப் போறாரு."

மனைவி சிரித்தாள். வேறு இரண்டு விஷயம் பேசினாள். போனை வைத்தாள். அடுப்பை அணைத்துவிட்டு, கத்தியைக் கையிலேயே பிடித்தபடி கூடத்துக்கு வந்து நின்றாள். சின்ன வயதிலிருந்து அக்காவின் பழைய உடுப்பு, அக்கா படித்து முடித்த புத்தகம், அக்கா வேண்டாமென்ற அறை என்று வாங்கி வாங்கி வளர்ந்தவள் அவள். இதையெல்லாம் கணவனிடம் அவள் சொன்னதில்லை.

"ஒரு மூவுக்கு எத்தனை நாள் எடுத்துக்கலாம்?"

"மூணு நாள்."

"அவரு?"

"உடனே வச்சிடுறாரு. அவருக்குப் பொறுமை கிடையாது."

"அப்ப மூணு நாளும் எடுத்துக்கோங்க. ஒவ்வொரு தடவையும். ஒரு மணி நேரம்கூட விட்டுக்கொடுக்காதீங்க."

"ராணி இல்லாம ஜெயிக்க முடியாதும்மா."

"ஜெயிக்கச் சொல்லலையே. இழுங்கன்னு சொல்றேன்."

அன்றிலிருந்து இழுத்தார். இரண்டு நாள் இருபத்துமூன்று மணி நேரம் கழித்துத்தான் காய் நகரும். மனைவி நாட்காட்டியில் பென்சிலால் குறித்து, கெடு தவறாமல் ஞாபகப்படுத்துவாள். காத்திருந்து காத்திருந்து சகலைக்கு எரிச்சல் ஏறியது. "தூங்கிட்டீங்களா?" என்று செய்தி. "ஆஸ்பத்திரியில சேர்ந்துட்டீங்களா?" என்று இன்னொரு செய்தி. எதற்கும் பதில் இல்லை. மாமனார் வீட்டில் பார்க்கும்போது, "தோத்த ஆட்டத்தை இப்படி ஜவ்வு மாதிரி இழுக்குறது ஒரு பொழப்பா சகலை?" என்று கேட்டார். மெக்கானிக் தண்ணீர் குடித்தார். அந்த முகத்தில் ஓடிய கடுப்பைப் பார்ப்பதற்காகவே எத்தனை மாதம் வேண்டுமானாலும் தோற்றுக்கொண்டிருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது.

ஆட்டத்தைச் சீக்கிரம் முடித்துத் தொலைக்கவேண்டும் என்ற அவசரத்தில் சகலை தன் ராணியைத் தனியாக மூலைக்கு அனுப்பி ஒரு சிப்பாயைத் தின்றார். மெக்கானிக்கிடம் மிச்சமிருந்த ஒற்றைக் குதிரை ஒரே தாவலில் ராஜாவுக்குச் செக் சொன்னது. அதே இடத்திலிருந்து ராணிமேலும் கண் வைத்திருந்தது. ராஜா விலகித்தான் ஆகவேண்டும். ராணி போயிற்று.

"நன்றி சகலை" என்று அனுப்பினார் மெக்கானிக். அனுப்பிவிட்டு ஏழாவது மாடியிலிருந்து தரைத்தளம் வரை படியில் இறங்கி, எதற்கென்று தெரியாமல் திரும்ப ஏறினார்.

முதல் முறையாகச் சகலை அடுத்த நகர்த்தலுக்கு ஒரு முழு நாள் எடுத்துக்கொண்டார்.

அடுத்த இரண்டு மாதம் மெக்கானிக்கின் வாழ்க்கையில் நல்ல காலம். விட்ட குதிரைக்கு ஈடாக ஒரு பிஷப் கிடைத்தது. ஆட்டம் சமநிலைக்கு வந்தது, கொஞ்சம் இவர் பக்கமே சாய்ந்தது. அப்போதுதான் அவர் ஒரு முட்டாள்தனம் செய்தார். வெற்றிச் செய்தியை முன்கூட்டியே எழுத ஆரம்பித்தார். குடும்பக் குழுவில் போடுவதற்காக, போனின் குறிப்புப் பக்கத்தில், ஒவ்வொரு சொல்லாகச் செதுக்கினார். 'லிஃப்ட்ல இருக்கிறவன்' என்று தொடங்குவதா, 'இரண்டு நிமிடத்தில் ஆளை எடை போடுகிறவர்களுக்கு' என்று தொடங்குவதா என்று நாலு நாள் குழம்பினார். மனைவி இரண்டாவதுதான் உறைக்கும் என்றாள். அந்த நாலு நாளில் போர்டை அவர் சரியாகப் பார்க்கவே இல்லை. ஓரத்தில் சகலையின் ஒரு சிப்பாய் முன்னேறிக்கொண்டிருந்தது. அதன் வழியை மறித்து நின்ற தன் யானையை எடுத்து, ராஜாவை மிரட்டுகிறேன் பேர்வழி என்று வேறு பக்கம் கொண்டுபோனார். வழி திறந்துவிட்டது. சிப்பாய் கடைசிக் கட்டத்தை எட்டி ராணியானது.

அன்று அவர் சாப்பிடவில்லை. மனைவி குறிப்புப் பக்கத்தைத் திறந்து, எழுதியதை எல்லாம் அழித்துவிட்டுப் போனை அவர் கையில் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகக் காய்கள் உதிர்ந்தன. கடைசியில் இவர் பக்கம் மூலையில் ஒரு ராஜா, அதன் முன்னால் ஒரு சிப்பாய், தொலைவில் ஒரு யானை. சகலையிடம் ராணியும் இரண்டு சிப்பாயும். அந்த இரண்டில் ஒன்று இவர் சிப்பாயின் மூக்கில் முட்டிக்கொண்டு அதை நகரவிடாமல் நின்றது. ராணியை வைத்தே சகலை நாலைந்து நகர்த்தலில் முடித்திருக்கலாம். ஆனால் குதிரையிடம் ராணியைப் பறிகொடுத்த அவமானம் அவருக்கு ஆறவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் இரண்டாவது சிப்பாயை ஓர் அடி தள்ளிவிட்டுச் செய்தி அனுப்பினார்: "இன்னும் ஒரே அடி. ரெண்டு ராணியோட முடிக்கிறேன். பார்த்துக்கிட்டே இருங்க."

மெக்கானிக் வீட்டு வாசல் படியில் உட்கார்ந்து பார்த்தார். வலது பக்கம் பார்த்தார், இடது பக்கம் பார்த்தார். தன் ராஜா போவதற்கு இருந்த ஒரே கட்டத்தையும் இப்போது தள்ளிய அந்தச் சிப்பாய் அடைத்துவிட்டிருந்தது. ராஜா நகர முடியாது. சிப்பாய் நகர முடியாது. நகரக்கூடியது யானை மட்டும். அந்த யானையும் இல்லாமல் போனால் தன்னிடம் நகர்த்த எதுவுமே இருக்காது. செக் இல்லாத நேரத்தில் ஒருவருக்கு நகர்த்த வழியே இல்லை என்றால் அந்த ஆட்டம் சமம். விதி அப்படி. எதிராளியிடம் ஒரு படையே இருந்தாலும் சமம்தான்.

யானையைத் தூக்கிக் கொடுக்கவேண்டும். அதுவும் அவர் வாங்கியே ஆகவேண்டிய விதத்தில்.

மனைவியைக் கூப்பிட்டு விளக்கினார். இரண்டு தடவை விளக்கவேண்டியிருந்தது. புரிந்ததும் அவள் கேட்டது ஒன்றுதான். "கெடு எப்ப முடியுது?"

"திங்கட்கிழமை சாயங்காலம்."

"ஞாயித்துக்கிழமை அப்பா வீட்டுக்குப் போறோம்."

அவள் நாட்காட்டியில் ஞாயிற்றுக்கிழமையைப் பென்சிலால் சுழித்தாள்.

ஞாயிறு பதினொரு மணி. மாமனார் வீட்டுக் கூடத்தில் எல்லோரும் இருந்தார்கள். சகலை சோபாவில் கால்மேல் கால் போட்டு, யாரோ வேலைக்கு வந்தவன் நேர்முகத் தேர்வில் உளறியதைச் சொல்லிக்கொண்டிருந்தார். மெக்கானிக் ஜன்னல் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து போனை எடுத்தார். கையைப் பேண்டில் துடைத்துக்கொண்டார். யானையை சகலையின் ராஜாவுக்குப் பக்கத்திலேயே, ஒட்டி, காவலில்லாமல் கொண்டுபோய் வைத்தார். செக்.

சகலையின் போன் ஒலித்தது. பார்த்துவிட்டுச் சிரித்தார். "மாமா, இங்க பாருங்க. சகலை யானையைத் தட்டுல வச்சு நீட்டுறாரு." மாமனார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

ஆனால் சகலை உடனே எடுக்கவில்லை. குதிரை விஷயத்தில் சூடு கண்டவர். ராஜாவை ஒரு கட்டம் தள்ளி வைத்தார். மெக்கானிக் யானையைத் திரும்பவும் ஒட்டி வைத்தார். செக். ராஜா இன்னொரு கட்டம் விலகியது. யானை பின்னாலேயே போனது. செக். ஒரே ஓர் அடி வைத்தால் சகலைக்கு இரண்டாவது ராணி வந்துவிடும். அந்த ஓர் அடிக்கு இவர் நேரம் கொடுக்கவில்லை. மதம் பிடித்த யானை பாகனைத் துரத்துகிற மாதிரி அது ராஜாவைத் துரத்தியது. நாலாவது செக், ஐந்தாவது செக். சகலையின் காது நுனி சிவந்திருந்தது.

"எதுக்கு இப்படி ஓடுறீங்க?" என்றாள் அக்கா. "பக்கத்துலதானே நிக்குது. எடுங்களேன். என்ன பயம்?"

"பயமா? எனக்கா?"

மெக்கானிக்கின் மனைவி தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே, "ஆமா அத்தான். எடுத்துடுங்க. பாவம், அவரும் எத்தனை நாள்தான் இழுப்பாரு" என்றாள்.

சகலை எடுத்தார்.

திரையில் ஆட்டம் சமம் என்று வந்தது. அவர் போனை ஆட்டிப் பார்த்தார். மூடித் திறந்தார். அப்போதும் சமம்.

"என்ன இது? எப்படி டிரா ஆகும்? என்கிட்ட ராணி இருக்கு. ரெண்டு சிப்பாய் இருக்கு. இவர்கிட்ட ஒண்ணுமே இல்லையே."

"ஒண்ணுமே இல்ல. நகரக்கூட வழியில்ல. அதனாலதான்" என்றார் மெக்கானிக், மாட்டிக்கொண்டவர்களிடம் பேசும் அந்தக் குரலில்.

மாமனார் போனை வாங்கிப் பார்த்தார். காய்களை விரலால் எண்ணினார். "இவ்வளவு வச்சுக்கிட்டு ஜெயிக்க முடியலையா மாப்பிள்ளை?" என்றார். அவர் குத்தலாகக் கேட்கவில்லை, புரியாமல்தான் கேட்டார். அதனால்தான் அது இன்னும் நன்றாகக் குத்தியது.

"நான் தோக்கலையே. டிராதானே" என்றார் சகலை, மெக்கானிக்கைப் பார்த்து. "நீங்களும் ஜெயிக்கலையே."

"ஆமா சகலை. நான் ஜெயிக்கல."

ஏழு மாதமாக அவர் மனதில் எத்தனையோ பேச்சு தயார் செய்து வைத்திருந்தார். அதில் ஒன்றும் இப்போது தேவைப்படவில்லை. சாப்பாட்டில் சகலைக்கு நேர் எதிரே இடம் பார்த்து உட்கார்ந்தார். நிதானமாக, இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். சகலை பாதியில் எழுந்து கை கழுவப் போனதையும் பார்த்தார். திரும்பும் வழியில் பஸ்ஸில் மனைவி அந்தக் கடைசிப் படத்தைக் குடும்பக் குழுவில் போட்டாள். கீழே ஒரு வார்த்தை எழுதவில்லை. பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து அவர் வெகுநாளாகப் பார்த்ததில்லை.

ஆனால் ஒரு வாரத்திலேயே அவருக்கு அரிப்பு தொடங்கிவிட்டது. பாதிப் பழிதான் தீர்ந்திருக்கிறது. மூன்று தடவை சொந்தக் கையால் குழி வெட்டிக்கொண்டு, சகலையின் ஆணவத்தால் தப்பித்தோம் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். புதிய ஆட்டத்துக்கு அழைப்பு அனுப்பினார். அது ஏற்கப்படாமல், மறுக்கப்படாமல், அப்படியே கிடந்தது. அக்காவும் மூன்று வாரம் போன் செய்யவில்லை.

நாலாவது வாரம் மனைவி ஏதோ சாக்கு வைத்து அக்கா வீட்டுக்குப் போய்விட்டு வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே சொன்னாள்.

"அத்தான் யார்கிட்டயும் சரியாப் பேசுறதில்லையாம். ஆபீஸ்லேர்ந்து வந்ததும் கதவைச் சாத்திக்கிறாராம். மேசை மேல செஸ் புத்தகம் கிடக்கு. பென்சில்ல கோடெல்லாம் போட்டு வச்சிருக்காரு."

மெக்கானிக் கையில் இருந்த டம்ளரை வைத்தார். இருபது வருடத்தில் முதல் தடவையாக அந்த மனிதர் தன்னைப் பற்றி உட்கார்ந்து யோசிக்கிறார். டிராவைவிட இது அவருக்கு இனித்தது.

"என்ன புத்தகம்னு கேட்டியா?"

"கேட்டா உஷாராயிட மாட்டாங்களா? அக்கா காபி போடப் போனப்ப அட்டையைப் போட்டோ எடுத்துட்டு வந்தேன். கோடு போட்டிருந்த பக்கத்தையும் சேர்த்து."

அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, அவள் போனுக்குக் கையை நீட்டினார்.